பழைய எஞ்சின்களும் ஈயமில்லாப் பெட்ரோலும்: வால்வு சீட் தேய்மானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளை இன்றும் ஓட்டத்தில் வைத்திருப்பவர்கள் கூடுமிடத்திலெல்லாம், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஈயமில்லாப் பெட்ரோலுக்கே வந்து நிற்கிறது. அப்படிப் பலமுறை கேட்ட ஐயங்களை, கேட்டவர்களின் பேச்சு நடையிலேயே இங்குத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பிறகும் வருகின்றன. முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் அந்தந்த விடையைச் சுட்டியிருக்கிறேன்.

1. “ஈயம் கலந்த பெட்ரோல்னு சொல்றாங்களே, எதுக்கு சார் பெட்ரோல்ல ஈயத்தைப் போட்டாங்க?”

எஞ்சினுக்குள் கலவை உரிய விதத்தில் சீராக எரியாமல், எரியாது மிஞ்சிய பகுதி தானாகவே வெடித்துத் தட்டும் ஓசையை எழுப்புவதை நாக்கிங் என்கிறோம். 1921 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்கிலி என்பவர், டெட்ரா எத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மத்தை மிகச் சிறிதளவு கலந்தாலே இந்த நாக்கிங் அடங்கிவிடுவதைக் கண்டார். 1923 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அது விற்பனைக்கு வந்தது. ஆக்டேனை, அதாவது பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் திறனை, உயர்த்த அதைவிட மலிவான வழி அன்று இல்லாததால், சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவிவிட்டது.

ஈயம் செய்த இரண்டாவது வேலை யாரும் திட்டமிடாதது. எரிந்தபின் எஞ்சும் ஈய ஆக்சைடு, ஈய சல்பேட் போன்ற சேர்மங்கள், எரிந்த வாயுவை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வின் முகத்திலும் அது அமரும் சீட்டிலும் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்போடு இரும்பு நேரடியாகப் படாமல் காத்தன. ஆக்டேன் ஒரு வேலை, சீட் பாதுகாப்பு வேறொரு வேலை. இவ்விரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பங்கள் பிறக்கின்றன என்பதால், கீழே வரும் விடைகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள்.

2. “ஈயத்தை எப்ப நிறுத்தினாங்க?”

இந்தியாவில் படிப்படியாக நடந்தது. 1994இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயத்தின் அளவு குறைக்கப்பட்டது. 1995 ஏப்ரல் முதல் அதே நகரங்களில், புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பொருத்திய புதிய கார்களுக்காக ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் மட்டுமே விற்கப்படுகிறது. பிரிட்டனில் பொது விற்பனை 1999 முடிவோடு நின்றது. இலங்கையில் 2002இல் நின்றது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது.

ஆகவே உங்கள் வண்டி இடையில் நின்றுபோகாமல் ஓடிக்கொண்டிருந்தால், கால் நூற்றாண்டாக ஈயமில்லாமல்தான் ஓடியிருக்கிறது.

3. “வால்வு சீட்னு எதைச் சொல்றீங்க? அது எப்படித் தேயும்? வால்வு தேயாதா?”

சிலிண்டர் ஹெட்டில் வால்வு வந்து அமர்ந்து அடைக்கும் வளையமான விளிம்புதான் சீட். பெரும்பாலும் 45 பாகைச் சரிவில், ஒன்றரை மில்லிமீட்டர் அகலம்கூட எட்டாத ஒரு பட்டையாக இருக்கும். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்திற்கு 1,500 முறை இந்தப் பட்டையின் மேல் வந்து அறைகிறது. எக்ஸாஸ்ட் வால்வின் தலையோ கடும் சுமையில் 700 பாகை செல்சியசையும் தாண்டும் சூட்டில் இருக்கிறது.

அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் வால்வு முகத்துக்கும் சீட்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறுசிறு பற்றவைப்புகள் நிகழ்கின்றன. வால்வு மறுபடி எழும்போது, மென்மையான சீட்டிலிருந்து இரும்புத் துணுக்குகள் பிய்ந்து வால்வு முகத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அவை ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியான இரும்பு ஆக்சைடாக மாறி, வால்வு மூடும்போதும் சற்றே சுழலும்போதும் சாணைக்கல்லைப் போலச் சீட்டை அரைக்கின்றன. அதனால் வால்வு முகம் ஓரளவு தப்பிக்க, சீட் மட்டும் கரைந்து, வால்வு ஹெட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்குகிறது. இதைத்தான் சீட் இறக்கம் என்கிறோம். ஈயப் படலம் முதல் கட்டமான அந்தப் பற்றவைப்பையே தடுத்துவிட்டதால், அடுத்தடுத்த கட்டங்களுக்கு வழியில்லாமல் இருந்தது.

வால்வு இறங்க இறங்க அதன் தண்டு மேலே எழுந்து, தண்டுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே விடப்படும் டேப்பட் இடைவெளியைத் தின்கிறது. இடைவெளி முழுவதும் போய்விட்டால் வால்வு முழுமையாக மூடாது. மூடாத விளிம்பின் வழியே எரியும் வாயு பீறிட்டு வெளியேறும். சீட்டில் அமர்ந்து தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்த வழியில்லாத வால்வு, சில நூறு கிலோமீட்டரிலேயே ஓரம் எரிந்து ஓட்டையாகிவிடும்.

4. “எக்ஸாஸ்ட் மட்டும்தானா? இன்லெட் வால்வுக்கு ஒண்ணும் ஆகாதா?”

ஏறக்குறைய எக்ஸாஸ்ட் மட்டும்தான். கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வின் மேல் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த கலவை பாய்வதால் அதன் சூடு எக்ஸாஸ்டின் சூட்டில் பாதியளவே இருக்கும். பெட்ரோலில் ஓடும் சாதாரண எஞ்சினுக்கு இன்லெட் சீட்டை மாற்றச் சொல்லும் பட்டறைக்காரரிடம் அதற்கான காரணத்தைக் கேளுங்கள்.

5. “என்கிட்ட யெஸ்டி இருக்கு, அப்பாவோட பழைய டூ ஸ்ட்ரோக் சேத்தக்கும் இருக்கு. நானும் கவலைப்படணுமா?”

வேண்டாம். பழைய யெஸ்டியும் டூ ஸ்ட்ரோக்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்த வகை வால்வே கிடையாது. பிஸ்டனே துளைகளைத் திறந்து மூடுகிறது. வால்வு இல்லாதபோது சீட்டும் இல்லை. டீசல் வண்டிக்காரர்களும் இந்தப் பக்கத்தை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். டீசலில் ஈயம் கலக்கப்பட்டதே இல்லை.

6. “அப்ப எந்தெந்த வண்டிக்குத்தான் இந்தப் பிரச்சினை? அம்பாசடர், பத்மினி, புல்லட்டு, இதுக்கெல்லாம்?”

முதலில் ஹெட் எந்த உலோகத்தால் ஆனது என்று பாருங்கள். வார்ப்பிரும்பு ஹெட்டில் பல தயாரிப்பாளர்கள் தனி வளையம் எதுவும் வைக்காமல், அந்த இரும்பிலேயே சீட்டை வெட்டிவிட்டார்கள். ஈயம் காத்ததால் அது போதுமானதாகவும் மலிவாகவும் இருந்தது. பி.எம்.சி. என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தின் 1,489 சிசி ‘பி’ வரிசைப் பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய அம்பாசடர், அதே நிறுவனத்தின் ‘ஏ’ வரிசை எஞ்சின் கொண்ட மோரிஸ் மைனர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை இந்த வகை. இவற்றின் உரிமையாளர்களே இந்தப் பக்கத்தின் முதன்மை வாசகர்கள்.

அலுமினியம் மென்மையான உலோகம் என்பதால் அதில் சீட்டை நேரடியாக வெட்ட முடியாது. அலுமினிய ஹெட் கொண்ட எஞ்சின்களில் தொடக்கத்திலிருந்தே தனி வளையம் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். பிரீமியர் பத்மினியும் புல்லட்டும் இவ்வகை. வளையம் இருப்பதாலேயே முழுப் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் சில பழைய வளையங்களும் சாதாரண வார்ப்பிரும்பே. எனினும் நேரடியாக வெட்டிய சீட்டைவிட இவை பொதுவாக நன்றாகத் தாங்குகின்றன. தேய்ந்தாலும் வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இரும்பு ஹெட் எல்லாமே பலவீனமானது என்றும் எண்ண வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1971ஆம் ஆண்டுக் கார்களிலிருந்தே ஈயமில்லாப் பெட்ரோலை எதிர்பார்த்து, இரும்பு ஹெட்டிலுள்ள எக்ஸாஸ்ட் சீட்டை மின்தூண்டலால் சூடாக்கிக் கடினப்படுத்தியது. ஆனால் அந்தக் கடினம் மேற்பரப்பில் ஓரிரு மில்லிமீட்டர் ஆழம்தான். பல முறை சீட் கட்டர் போட்ட ஹெட்டில் அது வெட்டுப்பட்டே போயிருக்கும்.

7. “1923க்கு முன்னாடி ஈயமே கிடையாதே. அப்ப கார் ஓடலையா என்ன?”

நியாயமான கேள்வி. ஓடின, ஆனால் வேறு விதமாக ஓடின. ஃபோர்டு ‘டி’ மாடலின் 2.9 லிட்டர் எஞ்சின் வெறும் 20 குதிரைத்திறன் தந்தது. கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்னும் அமுக்க விகிதம் குறைவு, சுற்றும் குறைவு. அன்றைய எஞ்சின்களில் வால்வு மிக மெதுவாக மூடியது. ஸ்பிரிங்குகளும் வலுக் குறைந்தவை. அத்துடன், சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி வால்வை அரைத்துப் பொருத்துவது அன்று வழக்கமான பராமரிப்பு. தேய்மானம் இருந்திருந்தாலும் அந்த வேலையோடு வேலையாகச் சரிசெய்யப்பட்டுவிட்டது.

ஈயம் வந்த பிறகுதான் அமுக்க விகிதமும் சுற்றும் உயர்ந்தன. ஆகவே பெரும்பாலும் 1930களுக்கும் 1980களுக்கும் இடையில் வடிவமைத்த, ஈயத்தை நம்பிய எஞ்சின்களே இந்தச் சிக்கலின் நடுவில் நிற்கின்றன.

8. “இருபத்தஞ்சு வருஷமா அன்லெடட்தான் போடறேன், என் அம்பாசடருக்கு ஒண்ணுமே ஆகலை. இதெல்லாம் கிளப்பிவிட்ட கதைதானே?”

கதை அன்று, ஆனால் உங்கள் அனுபவமும் உண்மைதான். சீட் இறக்கம் தூரத்தைவிடச் சூட்டையும் சுமையையும் சார்ந்தது. 1980களில் அமெரிக்க வேளாண்மைத் துறையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து பழைய பண்ணை எஞ்சின்களை ஈயமில்லாப் பெட்ரோலில் ஓட்டிச் சோதித்தபோது, மிதமான சுற்றிலும் சுமையிலும் உழைத்தவற்றுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. உயர்ந்த சுற்றில் கடும் சுமையோடு நெடுநேரம் ஓடிய, மென்மையான சீட் கொண்ட எஞ்சின்களே வெகுவாகத் தேய்ந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போய் வரும் காரின் சீட் பல ஆண்டுகள் தாங்குவதில் வியப்பில்லை.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஈயப் பெட்ரோலில் நெடுங்காலம் ஓடிய சீட்டில் படிந்த படலம், ஈயம் நின்ற பிறகும் சில ஆயிரம் கிலோமீட்டர் வரை ஓரளவு காக்கும். ஹெட்டைக் கழற்றிச் சீட்டைப் புதிதாக வெட்டியதும் அந்தக் காப்பு போய்விடுகிறது. அடுத்து, உங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் எப்போதோ கடின வளையம் பொருத்தியிருக்கலாம். ஹெட்டைக் கழற்றாமல் இதை அறிய முடியாது.

9. “எந்த வேகம் வரைக்கும் போனா சீட்டுக்கு ஆபத்தில்லை?”

ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பார்த்து ஓர் எல்லைக்கோடு போட முடியாது. சுற்று, சுமை, அவை நீடிக்கும் நேரம் மூன்றும் சேர்ந்தே சீட்டைச் சூடாக்குகின்றன. நகரத்தில் ஒரு நிமிடம் விரட்டிவிட்டு அடுத்த சிக்னலில் நிற்பது வேறு; உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து திருச்சி வரை நான்குவழிச் சாலையில் வலது காலை எடுக்காமல் 90இல் போவது வேறு. அந்தச் சாலைகளில் பழைய காரை 60, 65இல் விடுவதே என் பரிந்துரை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தே வைத்திருக்காமல் உரிய நேரத்தில் கியரைக் குறைத்து, இடையில் ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டு ஏறுவது சீட்டுக்கு மட்டுமன்றி ரேடியேட்டருக்கும் நல்லது.

வேகத்தைவிட அதிகமாகக் கவனிக்கப்படாதவை இரண்டு: கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை, பின்தங்கிய டைமிங் (பிளக்கின் பொறி உரிய நேரத்துக்குப் பிந்தி விழுவது). இரண்டும் எரியும் நேரத்தை நீட்டி, எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் நெருப்பு அணையாமல் இருக்கும்படி செய்கின்றன. இன்டேக் மானிபோல்டு கேஸ்கட்டில் ஒரு சிறு கசிவு இருந்தாலே அந்தச் சிலிண்டரின் கலவை மெலிந்து, நான்கு சீட்டில் ஒன்று மட்டும் வேகமாக இறங்கும்.

10. “ஹெட்டைக் கழட்டாம, வீட்டுலயே எப்படிக் கண்டுபிடிக்கறது?”

டேப்பட் இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். வால்வு இறங்கினால் இடைவெளி குறையும் என்று 3ஆம் விடையில் பார்த்தோம். ராக்கர், கேம், புஷ்ராடு போன்றவை தேய்ந்தால் இடைவெளி கூடும். ஆகவே சரிசெய்து வைத்த இடைவெளி தானாகக் குறைந்திருந்தால், அது வால்வு இறங்கியதன் அடையாளம்.

உங்கள் எஞ்சினின் கையேடு சொல்லும் நிலையில், குளிர்ந்த நிலை என்றால் இரவு முழுதும் நின்ற பிறகு, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டால் எல்லா வால்வுகளையும் அளந்து சரியான அளவில் வையுங்கள். மோரிஸ் மைனரின் ‘ஏ’ வரிசை எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீட்டர். ஒரு நோட்டில் தேதி, ஓடோமீட்டர் எண், ஒவ்வொரு வால்வின் அளவு ஆகியவற்றைக் குறியுங்கள். 1,500 கிலோமீட்டர் ஓடியதும் எதையும் திருகாமல் முதலில் அளந்து குறித்துவிட்டு, அதன் பிறகே சரிசெய்யுங்கள். பல மெக்கானிக்குகள் அளவைப் பார்க்காமலே திருகிச் சரியாக வைத்துவிடுவதால், வால்வு எவ்வளவு இறங்கியது என்ற செய்தி அங்கேயே அழிந்துபோகிறது.

எடுத்துக்காட்டாக, 0.30இல் வைத்த எட்டு வால்வுகளில் இன்லெட் நான்கும் அப்படியே இருக்க, எக்ஸாஸ்ட் ஒன்று மட்டும் 0.20க்கு வந்திருந்தால் அந்தச் சீட் பத்தில் ஒரு மில்லிமீட்டரளவு இறங்கியிருக்கிறது. ஒருமுறை குறைந்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம். புதிதாக வேலை செய்த ஹெட்டில் முதல் சில நூறு கிலோமீட்டரில் வால்வு சற்றே அமர்ந்துகொள்வது இயல்பு. மூன்று அளவைகளில் தொடர்ந்து ஒரே வால்வு இறங்கினால்தான் அது நோய்.

11. “என் எஞ்சின்ல டேப்பட் சத்தமே இல்லை, பட்டு மாதிரி ஓடுது. அப்ப நல்லாதானே இருக்கு?”

இந்த வகை எஞ்சினில் சத்தமே இல்லாதிருப்பது கவலைக்குரியது. இடைவெளி இருக்கும் டேப்பட் இலேசாகத் தட்டிக்கொண்டே இருக்கும். முன்பு கேட்ட தட்டல் யாரும் தொடாமலே நின்றுபோனால் உடனே இடைவெளியை அளந்து பாருங்கள். ஐடிலில் தடுமாற்றம், எக்ஸாஸ்ட் குழாயில் ஒரே சீராக வரும் ‘புஸ்’ என்ற ஓசை, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது ஆகியவை அடுத்த கட்டம்.

அப்போது கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால், பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

12. “பவர் பெட்ரோல், பிரீமியம் பெட்ரோல் போட்டா சீட் தப்பிக்குமா?”

தப்பிக்காது. அது ஆக்டேனுக்கான விலை. சீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதை முதல் விடையில் பார்த்தோம். நம் நாட்டில் ஓடிய பழைய பெட்ரோல் எஞ்சின்கள் அன்றைய குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு ஏற்பக் குறைந்த அமுக்க விகிதத்தில் செய்யப்பட்டவை. இன்றைய சாதாரண பெட்ரோலின் ஆக்டேனே 91க்குக் குறையாது. டைமிங் சரியாக இருந்தும் நாக்கிங் கேட்டால், சிலிண்டருக்குள் கரி மிகுந்திருக்கிறதா என்று பாருங்கள். உயர் அமுக்க ஹெட் கொண்ட இறக்குமதி ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் பிரீமியத்தில் பொருளுண்டு.

13. “ஈயத்துக்குப் பதிலா ஊத்தற அடிட்டிவ் பாட்டில் விக்கறாங்களே, அது நிஜமா வேலை செய்யுமா?”

சரியான வேதிப்பொருள் சரியான அளவில் இருந்தால் செய்யும். ஈயத்தைப் போலவே சீட்டில் படலம் அமைக்கக்கூடியவை என்று நிறுவப்பட்டவை பொட்டாசியம், சோடியம், பாஸ்பரஸ், மாங்கனீசு ஆகியவற்றின் சேர்மங்கள். பிரிட்டனில் ஈயம் நிற்கவிருந்த வேளையில், அங்குள்ள பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பு ‘மைரா’ என்ற வாகன ஆய்வு நிறுவனத்தில் ‘ஏ’ வரிசை எஞ்சினைக் கொண்டு இத்தகைய திரவங்களைச் சோதிக்கச் செய்து, தேர்ந்தவற்றுக்கு மட்டுமே தன் ஒப்புதலைத் தந்தது. அந்தச் சோதனைக்குட்பட்டது நம் மோரிஸ் மைனரின் எஞ்சின் குடும்பமே என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம்.

வாங்கும் புட்டியில் எந்த வேதிப்பொருள், லிட்டருக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஆக்டேன் கூட்டும், கார்புரேட்டர் துப்புரவாகும் என்று மட்டும் சொல்லும் திரவம் சீட்டைக் காக்காது. டேங்கினுள் வெள்ளீய உருண்டைகளைப் போட்டால் போதும் என்போரும் உண்டு. பெட்ரோலில் கரையாத உலோகம் எரியறைக்குப் போய்ச் சேர வழியே இல்லை. ஒரு வகைத் திரவத்தைத் தொடங்கினால் அதையே தொடருங்கள். பொட்டாசியம் வகையையும் மாங்கனீசு வகையையும் ஒரே டேங்கில் கலக்க வேண்டாம். அத்துடன் இது தேய்ந்த சீட்டைத் திரும்பக் கொண்டுவராது. ஆண்டு முழுதும் ஊரைச் சுற்றும் காருக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பதும், நெடுந்தூரப் பயணத்திற்கு முன் ஊற்றிக்கொள்வது நல்லது என்பதும் என் கருத்து.

14. “எதுக்கு இந்த இழுபறி? இப்பவே ஹெட்டைக் கழட்டி நல்ல சீட் ரிங் அடிச்சுடலாமே?”

நன்றாக ஓடும் எஞ்சினின் ஹெட்டை அச்சத்தினால் மட்டும் கழற்றாதீர்கள். பழைய இரும்பு ஹெட்டில் வளையம் அடிப்பது திரும்பப் பெற முடியாத வெட்டு. வெட்டும்போது கருவி தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்துவிடலாம். ‘ஏ’ வரிசை போன்ற சிறிய ஹெட்டுகளில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் நெருங்கி இருப்பதால், நடுவிலுள்ள மெல்லிய பாலத்தில் விரிசல் விழும் வாய்ப்பும் உண்டு. கெட்ட வேலையால் வீணான ஹெட்டுக்கு மாற்று தேடுவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது.

ஹெட் கேஸ்கட் போனதாலோ, தேய்ந்த சிலிண்டரைச் சற்றே அகலமாகக் குடைந்து ரீபோர் செய்வதற்காகவோ, 10ஆம் விடையில் சொன்ன அளவுகள் தொடர்ந்து இறங்குவதாலோ ஹெட்டை எப்படியும் கழற்றும் நாள் வரும். அன்று எக்ஸாஸ்ட் நான்குக்கும் கடின வளையம் போட்டுவிடுங்கள். அதன் பிறகு இந்தக் கவலை அந்த எஞ்சினின் ஆயுளுக்கும் இல்லை.

15. “பட்டறையில என்ன சொல்லி வேலை வாங்கணும்? அவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டத்தான் தெரியுது.”

முதலில் ஹெட்டைக் கழுவி விரிசல் சோதனையும் தண்ணீர்ப் பாதைக்கு அழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். விரிசலுள்ள ஹெட்டில் வளையத்துக்குச் செலவிடுவது வீண். அடுத்து, வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான கைடு. தண்டு ஆடும் அளவுக்குக் கைடு தேய்ந்திருந்தால் வால்வு ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் அமர்ந்து, புதிய சீட்டையும் சீக்கிரம் கெடுக்கும். கைடை மாற்றிய பிறகே, அந்தக் கைடை மையமாக வைத்துச் சீட்டுக்கான பள்ளத்தை வெட்ட வேண்டும். கையால் பிடித்த துளைக்கருவியில் வெட்டும் பட்டறையை விட்டு வந்துவிடுங்கள்.

வளையம் பள்ளத்தைவிடச் சற்றே பெரியதாக, இறுகப் பொருந்தும் அளவில் இருக்க வேண்டும். வார்ப்பிரும்பு ஹெட்டில் இது பொதுவாகப் பத்தில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அளவு. வளையத்தை உறையவைத்துச் சுருக்கி அடித்தால் பள்ளம் சிராய்க்காது. இரும்பு ஹெட்டிலும் சரி, அலுமினிய ஹெட்டிலும் சரி, பசை போட்டு ஒட்டுவது என்பதே கூடாது. வளையத்தின் உலோகம் குரோமியம் கலந்த கடின இரும்பாகவோ, ஈயமில்லா எரிபொருளுக்கென்று உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த சின்டர்டு வகையாகவோ இருக்கட்டும். ஸ்டெல்லைட் என்னும் கோபால்ட் கலப்பு உலோகமும் நல்லதுதான், ஆனால் சாலையில் ஓடும் அம்பாசடருக்கு அது தேவைக்கு மிஞ்சியது. கடின வளையத்தின்மேல் பழைய மென்மையான எக்ஸாஸ்ட் வால்வை வைத்தால் தேய்மானம் வால்வுக்கு மாறிவிடும் என்பதால், 21-4என் போன்ற எஃகில் செய்த வால்வையும் சேர்த்தே போடுங்கள்.

16. “எங்க டாக்சி அம்பாசடர்ல கேஸ் கிட் போட்டிருக்கோம். அதுலதான் பெட்ரோலே கிடையாதே, பிரச்சினை இருக்காதுல்ல?”

எல்.பி.ஜி.யிலும் சி.என்.ஜி.யிலும் பிரச்சினை கூடுதல். பெட்ரோல் ஈயமின்றி இருந்தாலும், அதன் எரிப்பில் சீட்டின்மேல் சிறிதளவாவது கரிப்படிவு விழும். வாயு எரிபொருள் மிகத் தூய்மையாக எரிவதால் அதுவும் இல்லை. திரவமாக உள்ளே வந்து ஆவியாகும் பெட்ரோல் தரும் குளிர்ச்சியும் கிடையாது. அதனால்தான் 4ஆம் விடைக்கு விலக்காக, வாயுவில் ஓடும் எஞ்சினில் இன்லெட் சீட்டும் தேய்வதுண்டு. மென்மையான சீட்டோடு கேஸில் ஓடும் டாக்சிக்கு டேப்பட் அளவை 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்கள். ஹெட்டைக் கழற்றும்போது எட்டுக்கும் கடின வளையம் போடுவது இங்கே நியாயமான செலவு.

17. “அண்ணை, யாழ்ப்பாணத்தில சண்டை நேரம் எங்கட ஒஸ்ரின் கேம்பிறிச் மண்ணெண்ணெயில ஓடினது. அதால வால்வு பழுதாகியிருக்குமோ?”

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காமல் போன குடாநாட்டில், கார்புரேட்டரில் சிறிது பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய அந்த ஒஸ்ரின் (ஆஸ்டின்), மோரிஸ் கார்கள் பொறியியல் வியப்புகளே. மண்ணெண்ணெயில் ஈயம் இல்லை. அதாவது இலங்கையில் ஈயம் நிறுத்தப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உங்கள் கார் ஈயமின்றி ஓடத் தொடங்கிவிட்டது.

மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகக் குறைவு. அதனால் பலர் டைமிங்கைப் பின்தள்ளி வைத்தார்கள். அது எக்ஸாஸ்ட் வால்வைச் சூடாக்கும் என்று 9ஆம் விடையில் சொன்னேன். மறுபக்கம், அந்நாளைய பாதைகளில் மெதுவாகவே ஓட முடிந்ததும், மண்ணெண்ணெய் விட்டுச்சென்ற மிகுந்த கரியும் சீட்டை ஓரளவு காத்திருக்கும். நான் உங்களிடத்தில் இருந்தால் சீட்டைவிட முதலில் ரிங்கையும் பேரிங்கையும் பார்ப்பேன். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்திருக்கும். டைமிங் இன்றும் அந்தக் காலத்து நிலையிலேயே இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

18. “இப்ப 20 சதவீதம் எத்தனால் கலந்து வருதே, அது சீட்டை இன்னும் கெடுக்குமா?”

எத்தனால் நேரடியாகச் சீட்டை அரிப்பதில்லை. ஆனால் அதில் ஆக்சிஜன் இருப்பதால், பெட்ரோல் வரும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையான ஜெட்டைப் பழையபடியே வைத்து ஓடும் கார்புரேட்டரில் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவையின் விளைவு 9ஆம் விடையில் உள்ளது. பிளக் முனை சாம்பல் வெளுப்பாக இருந்தால் ஒரு படி பெரிய ஜெட்டைப் போடச் சொல்லுங்கள். இளம்பழுப்பு நிறம் வந்தால் போதும். பெட்ரோல் குழாய், பம்ப் டயாஃப்ரம், மிதவை ஆகியவற்றை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவதும், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் காலியாக்குவதும் அவசியம்.

19. “சின்ன விமானத்துக்கு இன்னும் ஈயப் பெட்ரோல்தான் போடறாங்களாமே. கொஞ்சம் வாங்கிக் கலந்துக்கலாமா?”

பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஈயம் உடலில் சேர்ந்தால், குறிப்பாக வளரும் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிறது. அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐவர் இறந்தார்கள். ஒரு சீட் வளையத்தைப் புதிதாக அடிக்க முடியும். குழந்தையின் மூளைக்கு அப்படி ஒரு வழி இல்லை. சாலை வண்டிக்கு ஈயத்தைத் திரும்பக் கொண்டுவரும் எந்த யோசனைக்கும் நான் துணை நிற்க மாட்டேன்.

20. “பல வருஷம் நின்ன வண்டியோட ஹெட்டைக் கழட்டினேன். எக்ஸாஸ்ட் பக்கம் சாம்பல் கலர்ல கெட்டியாப் படிஞ்சிருக்கு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு எடுத்துடலாமா?”

2000க்கு முன்பே நின்றுபோன வண்டி என்றால் அந்தப் படிவில் ஈயம் இருக்கும் என்றே கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ் போட்டால், அதிலும் டிரில்லில் மாட்டிச் சுழற்றினால், ஈயத்தூள் காற்றில் பறந்து மூச்சில் போகும். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஊறவைத்து, ஈரமாக இருக்கும்போதே கையுறையும் நல்ல முகக்கவசமும் அணிந்து சுரண்டுங்கள். கம்ப்ரசர் காற்றால் ஊத வேண்டாம். சுரண்டியதையும் துடைத்த துணியையும் மூடிய டப்பாவில் போடுங்கள். சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டக் கூடாது. வேலை முடிந்து கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தண்ணீரோ தேநீரோ குடியுங்கள். உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். அந்த வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளை விடாதீர்கள்.